தேநீர் இடைவேளையில் எழுந்து போனவர்கள்

முதல் நாள்: பர்மிங்ஹாம்

அத்தானுக்குக் குலதெய்வம் இரண்டு. ஒன்று திருத்தணியில் இருக்கிறது. மற்றொன்று வார்விக்‌ஷயர் கவுண்டி கிரிக்கெட் அணி, இங்கிலாந்தின் மாவட்ட அணிகளில் ஒன்று. மருத்துவராக இந்த ஊருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வு பெற்ற பிறகு முதல் தெய்வத்துக்குக் கிருத்திகை மட்டும். இரண்டாவதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நித்திய பூஜை.

நான் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே அந்த அணியின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஆட்டம் எதுவும் இல்லை. கல்யாணம் முடிந்து வாடகைப் பாத்திரங்களை ஏற்றிப் போன பிறகு மண்டபம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது மைதானம். மே மாதம் என்று பெயர். கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்றபடி அத்தான் 1922-ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்த ஆட்டம். ஆனால் நேற்று மாலை நேரில் பார்த்துவிட்டு வந்த மனக்கசப்போடு சொன்னார்.

ஜூன் மாதம், ஹாம்ப்‌ஷயருக்கு எதிரான ஆட்டம். வார்விக்‌ஷயர் முதலில் ஆடி 223. பெரிய எண்ணிக்கை இல்லை. பிறகு ஹாம்ப்‌ஷயர் இறங்கியது. 53 பந்துகளில் எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். மொத்தம் 15 ரன். அந்த 15-இலும் நான்கு, மட்டையில் படாமல் கீப்பர் விட்ட பந்தில் வந்த பை. எட்டுப் பேர் பூஜ்யம். ஹாரி ஹவல் 7 ரன்னுக்கு 6 விக்கெட், அணித்தலைவர் கால்தார்ப் 4 ரன்னுக்கு 4. ஒரு பக்கம் பிலிப் மீட் மட்டும் 6 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார்.

ஃபாலோ ஆன். 208 ரன் பின்தங்கிய அணி மறுபடி இறங்குகிறது. மூன்றாம் நாள் ஆட்டம் தேவைப்படாது என்று கால்தார்ப் கோல்ஃப் ஆடத் திட்டமிட்டதாகவும், அது ஹாம்ப்‌ஷயர் தலைவர் லயனல் டென்னிசனின் காதில் விழுந்து அவர் கொதித்துப்போய்ப் பந்தயம் கட்டியதாகவும் ஒரு கதை உண்டு. டென்னிசன், கவிஞர் டென்னிசனின் பேரன். சொல்லுக்கு ரோஷப்படும் குடும்பம்தான்.

இரண்டாவது இன்னிங்ஸிலும் எட்டு விக்கெட் போனபோது ஹாம்ப்‌ஷயர் 274. அதாவது கையில் 66 ரன் முன்னிலை. அப்போது ஜார்ஜ் பிரவுனோடு சேர்ந்தவர் பத்தாவது ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர் வால்டர் லிவ்ஸி. இந்த லிவ்ஸி மைதானத்துக்கு வெளியே டென்னிசன் பிரபுவுக்கு உடை எடுத்து வைக்கும் பணியாள். இருவரும் சேர்ந்து 177 ரன் எடுத்தார்கள். பிரவுன் 172. லிவ்ஸி 110, ஆட்டமிழக்கவில்லை. மொத்தம் 521. வார்விக்‌ஷயருக்கு இலக்கு 314, எடுத்தது 158. பதினைந்துக்குச் சுருண்ட அணி 155 ரன் வித்தியாசத்தில் வென்றது.

“எஜமானர் 45, வேலைக்காரர் 110” என்றார் அத்தான். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு மகிழ்ச்சி. டென்னிசன் எத்தனை எடுத்தார் என்பதில் அத்தானின் நினைவை நான் நம்பமாட்டேன். லிவ்ஸியின் 110 மட்டும் சத்தியம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவருடைய சொந்தக் கதை வந்தது. இதை அக்காவிடமிருந்து நூறு முறை கேட்டிருக்கிறேன்; அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் முறை. 1993 செப்டம்பர், லார்ட்ஸில் நாட்வெஸ்ட் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி சசெக்ஸ். அறுபது ஓவர் ஆட்டத்தில் அவர்கள் 321 எடுத்துவிட்டார்கள். லார்ட்ஸ் இறுதி ஆட்டங்களில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. மறுநாள் அதிகாலையில் மருத்துவமனைப் பணி. வார்விக்‌ஷயர் இன்னிங்ஸின் நடுவே அத்தான் எழுந்து யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார்.

அவர் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது, உகாண்டாவில் பிறந்த ஆசிஃப் தீன் சதம் அடித்தார். டெர்மட் ரீவ் 81 ரன்னோடு நின்று கடைசி ஓவர் வரை இழுத்துவந்தார். கடைசிப் பந்தில் ரோஜர் டூஸ் அடிக்க, வார்விக்‌ஷயர் 322. வீட்டுக் கதவைத் திறந்ததும் அக்கா வாழ்த்துச் சொன்னாளாம். தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து அத்தான் இரவுச் சாப்பாட்டை மறுத்திருக்கிறார்.

எனக்கும் இப்படி ஒரு புண் உண்டு. 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சித்தப்பாவோடு போயிருந்தேன். தேநீர் இடைவேளையில், இது டிராதான் என்று முடிவுகட்டி, பஸ் கூட்டத்துக்குப் பயந்து சித்தப்பா என்னை இழுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். திருவல்லிக்கேணியில் ஒரு ரேடியோக் கடை வாசலில் முண்டியடித்த கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நின்றுதான், மணீந்தர் சிங் ஆட்டமிழந்து, இரு அணியின் ரன்னும் ஒன்றாகி ஆட்டம் சமன் ஆனதைக் கேட்டேன். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான் அப்படி நடந்திருந்தது.

ஆகவே இந்த ஒரு வாரம் கவுண்டி மைதானங்களைச் சுற்றப் போகிறேன். வென்றவர்களைக் கேட்க எனக்கு ஆசை இல்லை. எழுந்து போனவர்களைத்தான் தேடுகிறேன்.

இரண்டாம் நாள்: செஸ்டர்ஃபீல்ட்

பர்மிங்ஹாமிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம். ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் வந்துவிடுகிறது. தேவாலயத்தின் கூர்க்கோபுரம் முறுக்கிப் பிழிந்த துணிபோலக் கோணலாக நிற்கிறது. காயாத மரத்தைச் சட்டமாக வைத்து அதன்மேல் ஈயத் தகட்டைப் போர்த்தியதால் வந்த வினை என்கிறார்கள். சாத்தான் உட்கார்ந்துவிட்டுப் போனான் என்றும் சொல்கிறார்கள். எனக்குச் சாத்தான்தான் பிடித்திருந்தது.

குயின்ஸ் பார்க் மைதானம் ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஏரி, அதைச் சுற்றிக் குழந்தைகளுக்கான குட்டி ரயில். நான் போனபோது ஒரு தாத்தா தன் பேத்தியைவிட அதிக உற்சாகமாக அதில் ஏறக் காத்திருந்தார்.

1904 ஜூலையில் இங்கே எசெக்ஸ் 597 எடுத்தது. அதில் பெர்சி பெரின் மட்டும் 343, ஆட்டமிழக்கவில்லை, 68 பவுண்டரிகள். ஓர் ஆட்டக்காரர் இப்படி அடித்துவிட்டால் அந்த அணி தோற்கக்கூடாது என்பது உலக நியதி. தோற்றது. டெர்பிஷயர் பதிலுக்கு 548. அதில் 229 எடுத்தவர் சார்லஸ் ஒலிவியேர். மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்டில் பிறந்தவர்; 1900-இல் சுற்றுப்பயணம் வந்த அணியோடு இங்கிலாந்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். அதன் பிறகு எசெக்ஸ் 97-க்குச் சுருண்டது. டெர்பிஷயர் ஒரே விக்கெட்டை இழந்து 149 எடுத்து வென்றது. இரண்டாவது இன்னிங்ஸிலும் ஒலிவியேர் 92, ஆட்டமிழக்கவில்லை.

பெரின் அந்த இரவு என்ன நினைத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பார்? 343 எடுத்துவிட்டு ஒன்பது விக்கெட் தோல்வி. முதல் நாள் மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எசெக்ஸ் ரசிகர் ஒருவராவது இருந்திருப்பார். அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் எசெக்ஸ் தோற்றிருக்கவே முடியாது.

இந்த டெர்பிஷயருக்குத்தான் நம் வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை பந்துவீசினார். மயிலாப்பூர் வெயிலில் சுழன்ற விரல்கள் இந்தக் குளிரில் எப்படி மடங்கின என்று தெரியவில்லை. என் விரல்கள் தேநீர்க் கோப்பையைச் சுற்றி மடங்கின; நிமிரவில்லை.

மூன்றாம் நாள்: லீட்ஸ்

மழை. ஹெடிங்லி வாசலில் குடையோடு பத்து நிமிடம் நின்றுவிட்டு எதிரில் இருந்த மதுக்கடைக்குள் ஒதுங்கினேன். தேநீர் கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

ஹெடிங்லி என்றால் எல்லாரும் 1981-இல் தோற்கவிருந்த இங்கிலாந்தை மீட்ட இயன் பாத்தமைச் சொல்வார்கள். அது டெஸ்ட், உலகத்துக்கே தெரியும். நான் பக்கத்து மேசைப் பெரியவரிடம் 1901-ஐக் கேட்டேன். யார்க்‌ஷயர்க்காரர்கள் விருந்தோம்பலில் தாராளமானவர்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் தோல்வியைப் பற்றிக் கேட்டால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள்.

1900-இல் யார்க்‌ஷயர் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஒரு தோல்வியும் காணவில்லை. 1901-இலும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. வில்ஃப்ரெட் ரோட்ஸ் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 251 விக்கெட் எடுத்தார். அந்த அணியிடம் சாமர்செட் வந்து 87-க்கு ஆட்டமிழந்தது. யார்க்‌ஷயர் 325. மிச்சத்தைப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? சாமர்செட் இரண்டாவது முறை இறங்கி 630 எடுத்தது. பேலரட்டும் பிரவுண்டும் முதல் விக்கெட்டுக்கே 222. பேலரட் 173, பிரவுண்ட் 107, ஃபிலிப்ஸ் 122. யார்க்‌ஷயர் 113-க்கு விழுந்து 279 ரன்னில் தோற்றது. பிரவுண்ட் கொடுத்த ஒரு ஸ்லிப் கேட்சை நடுவர் மறுத்துவிட்டார் என்று பெரியவர் மேசையைத் தட்டினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பிறகு சமாதானமாகி, தங்கள் பக்கத்துக் கதையையும் சொன்னார். 2018 மே, செல்ம்ஸ்ஃபோர்டில் எசெக்ஸுக்கு எதிராக யார்க்‌ஷயர் 50-க்கு ஆட்டமிழந்தது. அவர் வீட்டில் வானொலியை அணைத்துவிட்டுத் தோட்டத்தில் புல் வெட்டப் போய்விட்டார். எசெக்ஸ் 142-இல் நின்றது. யார்க்‌ஷயர் மறுபடி 329. அதில் 124, ஹாரி புரூக் என்ற பத்தொன்பது வயதுப் பையனின் முதல் சதம். நம் புஜாராவும் அந்த அணியில் இருந்தார், 41 எடுத்தார். எசெக்ஸ் 146. ஐம்பதுக்குச் சுருண்டவர்கள் 91 ரன்னில் வென்றார்கள்.

வானொலியை அணைத்ததும் எழுந்து போனதாகத்தானே ஆகும் என்று கேட்டேன். புல் மிகவும் உயரமாக வளர்ந்திருந்தது என்றார்.

நான்காம் நாள்: மான்செஸ்டர்

இன்று எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. காலையில் கால் வலி, மதியம் ஒரு மோசமான சாண்ட்விச், தங்கும் விடுதியில் வெந்நீர் வராதது எல்லாவற்றையும் தாண்டி நேரே மாலைக்குப் போகிறேன்.

ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தை ஒட்டியே தண்டவாளம் போகிறது. இப்போது அதில் டிராம் ஓடுகிறது. முன்பு ரயில் ஓடியது. நிலையத்துக்கு வார்விக் ரோடு என்று பெயர். அந்த நிறுத்தத்தின் பெஞ்சில் எழுபது கடந்த ஒரு தம்பதியர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைதானத்தைப் புகைப்படம் எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கணவர் தாமாகவே கேட்டார், இந்தியாவா என்று. ஆம் என்றதும் அடுத்த சொல் “ஃபரூக்”. லங்காஷயருக்கு ஃபரூக் இன்ஜினியர் விக்கெட் கீப்பராக இருந்த காலத்தை வைத்து இவர்கள் இன்னும் நமக்கு மரியாதை தருகிறார்கள்.

1971 ஜூலை 28. கில்லெட் கோப்பை அரையிறுதி, எதிரணி குளோஸ்டர்ஷயர். இவருக்கு அப்போது பதினேழு வயது. மைதானத்தில் இருபதாயிரத்துக்கு மேல் கூட்டம். பிபிசி தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. மழையால் நடுவில் ஒரு மணி நேரம் போலப் போயிற்று. ஆனாலும் ஒரே நாளில் முடித்துவிடுவது என்று ஆட்டம் தொடர்ந்தது. குளோஸ்டர்ஷயர் 229. லங்காஷயர் பதிலுக்கு ஆடி ஏழு விக்கெட் இழந்து தவித்துக்கொண்டிருந்தது. மணி எட்டரையைத் தாண்டிவிட்டது. விளக்குகள் கிடையாது. அணித்தலைவர் ஜாக் பாண்ட் நடுவர் ஆர்தர் ஜெப்சனிடம் வெளிச்சம் போதவில்லை என்று முறையிட்டார். ஜெப்சன் வானத்தைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். நிலா. அவ்வளவு தூரம் தெரிகிறதே, இன்னும் எவ்வளவு தூரம் தெரியவேண்டும் என்றாராம். இந்த ஊரில் இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். நிலா மட்டும் எல்லாருடைய கதையிலும் இருக்கிறது.

ஐந்து ஓவரில் 25 ரன் வேண்டும். களத்தில் டேவிட் ஹியூஸ், கடைசி வரிசை ஆட்டக்காரர், சுழல் பந்துவீச்சாளர்.

இந்த இடத்தில்தான் நம் பதினேழு வயதுப் பையன் எழுந்துவிட்டான். வீட்டில் அப்பா கண்டிப்பானவர். ரயிலை விட்டால் அடி. வார்விக் ரோடு நிலையத்தில் நின்றான், ரயில் வந்தது, ஏறினான். ரயில் புறப்படவும் உள்ளே ஜான் மார்டிமோர் பந்துவீச வரவும் சரியாக இருந்தது. அந்த ஒரு ஓவரில் ஹியூஸ் 24 ரன் எடுத்தார். நான்கு, ஆறு, இரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. எண்ணிக்கை சமம். அடுத்த ஓவரில் புரொக்டர் வீச, பாண்ட் ஒரு ரன்னைத் தட்டிவிட்டு ஓடினார். மணி ஏறக்குறைய ஒன்பது.

ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாக மூன்று சிக்சர்களையும் பார்த்தேன் என்றார் பெரியவர்.

சிக்சர் இரண்டுதான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவருடைய மனைவி என் பக்கம் திரும்பி, கல்யாணமான புதிதில் ஒரு சிக்சர்தான் பார்த்திருந்தார் என்றார்.

அவர் கேட்ட சத்தம் மட்டும் உண்மை என்று நம்புகிறேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்களாம், இறங்க வழியில்லாமல். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடி வந்திருக்கிறார். வாசலில் எதிரே வந்த கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு மறுபடி நிலையத்துக்கே கொண்டுவந்து விட்டது. வீட்டில் அடி விழுந்ததா என்று கேட்டேன். அப்பாவும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்ததால் பிள்ளை வராததையே கவனிக்கவில்லை.

லங்காஷயர் அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது. இறுதி ஆட்டத்தில் கென்ட்டின் ஆசிஃப் இக்பால் 89 ரன்னோடு ஆட்டத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தபோது, அதே பாண்ட் பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தார். அதையும் இந்தப் பெரியவர் நேரில் பார்க்கவில்லை. லார்ட்ஸ் தொலைவு, கையில் காசு இல்லை.

ஐந்தாம் நாள்: டான்டன்

நாளின் பெரும்பகுதி ரயிலிலேயே போயிற்று. வழியில் ஓர் இடத்தில் நாற்பது நிமிடம் நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஹஷிம் ஆம்லாவை நினைத்துக்கொண்டேன். 2021-இல் சவுத்தாம்ப்டனில் ஹாம்ப்‌ஷயர் 488 எடுக்க, சர்ரே 72-க்கு விழுந்து ஃபாலோ ஆன் ஆடியது. கடைசி நாள் முழுக்க ஆம்லா நின்றார். 278 பந்துகள், 37 ரன். சர்ரே 8 விக்கெட்டுக்கு 122, டிரா. அதுவும் மீண்டெழுந்ததுதான், நகராமலே மீண்டெழுந்தது. இதற்கு யாரும் சிலை வைக்கமாட்டார்கள்.

டான்டன் மைதானத்தின் பின்னே தேவாலயக் கோபுரம். சாயங்கால வெயில் அதன் கல்லில் விழும்போது நம் ஊர் மஞ்சள் நினைவுக்கு வந்தது. வாசல் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரப் பெண்மணி 2024 செப்டம்பரைச் சொன்னார். சாம்பியன் சர்ரே வந்திருந்தது. சாமர்செட்டின் டாம் பான்டன் முதல் இன்னிங்ஸில் 132 எடுத்தவர், பிறகு கணுக்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் 153-இல் போய்விட, நொண்டியபடியே கடைசியாக இறங்கி 46 எடுத்தார். சர்ரேக்கு இலக்கு 221. கடைசி நாள் மாலை 3 விக்கெட்டுக்கு 95. டிரா நிச்சயம். கடைக்காரம்மா கடையைக் கட்டிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த 14 ரன்னில் ஏழு விக்கெட். ஜாக் லீச்சும், பதினெட்டு வயது ஆர்ச்சி வானும். ஆர்ச்சி, இங்கிலாந்தின் முன்னாள் அணித்தலைவர் மைக்கேல் வானின் மகன். அந்த ஆட்டத்தில் அவருக்கு மொத்தம் 11 விக்கெட். இன்னும் சில நிமிடங்களே மிச்சமிருக்கும்போது லீச் கடைசி விக்கெட்டை எடுத்தார். சர்ரே 109.

ஆனால் கடைக்காரம்மா தவறவிடவில்லை. கூரைகளைத் தாண்டி முதல் கூச்சல் வந்ததும் திரும்பி நடந்தார். மூன்றாவது கூச்சலுக்கு உள்ளே இருந்தார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு கட்டணம் இல்லாமல் உள்ளே விடும் பழைய வழக்கம் சில கவுண்டிகளில் உண்டு. அன்று அவரை வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். காவலாளியும் உள்ளே ஓடிவிட்டிருந்தார்.

அந்த ஆண்டும் சாம்பியன் பட்டம் சர்ரேக்குத்தான் போயிற்று, தொடர்ந்து மூன்றாவது முறையாக. அதை நான் நினைவூட்டியதும் அவர் என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் கால் கோப்பை மிச்சம் இருந்தது.

ஆறாம் நாள்: செல்டன்ஹாம்

பர்மிங்ஹாம் திரும்பும் வழி. அத்தான் காரில் வந்து என்னை நிலையத்தில் ஏற்றிக்கொண்டார். அக்கா புளியோதரை கொடுத்தனுப்பியிருந்தாள். ஆறு நாள் சாண்ட்விச்சுக்குப் பிறகு அந்த நல்லெண்ணெய் வாசனையில் எனக்குக் கண் கலங்கியது.

செல்டன்ஹாம் கல்லூரி மைதானம் ஒரு பள்ளிக்கூட மைதானம்தான். கோடையில் சில நாட்கள் மட்டும் கூடாரங்கள் முளைத்து, குளோஸ்டர்ஷயரின் திருவிழா நடக்கும். பள்ளியின் பழைய உடற்பயிற்சிக் கூடம்தான் வீரர்களின் பெவிலியன். நாங்கள் சாலையோரமாக நின்று பார்த்தோம். வலைப்பயிற்சியில் நான்கைந்து பையன்கள்.

“அதோ அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன்” என்று காட்டினார் அத்தான். 2024 ஜூலை. வார்விக்‌ஷயர் ஆடாத ஆட்டம். இரண்டு அணியும் அவருக்கு ஒன்றும் உறவில்லை. சும்மா கூடாரத்தில் உட்கார்ந்து பொழுதுபோக்க வந்தவர்.

குளோஸ்டர்ஷயர் 179, கிளாமர்கன் 197. பிறகு குளோஸ்டர்ஷயர் 5 விக்கெட்டுக்கு 610. விக்கெட் கீப்பர் ஜேம்ஸ் பிரேசி மட்டும் 204, ஆட்டமிழக்கவில்லை. கிளாமர்கனுக்கு இலக்கு 593. கவுண்டி சாம்பியன்ஷிப்பில் அதுவரை யாரும் துரத்திப் பிடித்த அதிகபட்சம் 502. அதுவும் 1925-இல், டிரென்ட் பிரிட்ஜில் மிடில்செக்ஸ் எடுத்தது. ஆகவே கடைசி நாள் காலையிலேயே பலர் மூட்டை கட்டத் தயாராக இருந்தார்கள். லபுஷேன் 119. சாம் நார்த்ஈஸ்ட் 187. ரன் ஏறிக்கொண்டே போயிற்று, விக்கெட்டும் போய்க்கொண்டே இருந்தது. அத்தானின் நண்பர் நெரிசலுக்கு முன்பு காரை எடுத்துவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டாராம். 1993-க்குப் பிறகு அத்தான் கழிப்பறைக்குக்கூட எழுவதில்லை.

கடைசிப் பந்து. ஒரு ரன் எடுத்தால் கிளாமர்கனுக்கு வெற்றி. கையில் ஒரு விக்கெட். பந்துவீசுபவர் அஜித் சிங் டேல், ஆடுபவர் ஜேமி மெக்கில்ராய். பந்து கீப்பரிடம் போனால் ஆட்டக்காரர்கள் எப்படியும் ஓடுவார்கள், எறிந்து ரன் அவுட் செய்ய வேண்டும் என்று பிரேசி ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு நின்றார். பந்து மட்டையின் விளிம்பில் உரசி வந்தது. வெறுங்கையால் பிடித்தார். 592. சமன்.

அத்தான் அந்தக் கையை மடக்கிக் காட்டினார், சாலையோரத்தில், புளியோதரை டப்பாவோடு. வலைப்பயிற்சிப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

சமன் என்றதும் எனக்குச் சேப்பாக்கம் பொறுக்கவில்லை. மாம்பலத்தில் சித்தப்பாவுக்கு அழைத்தேன். அங்கே இரவு. எண்பத்தேழு வயதில் அவர் தூங்கும் நேரத்தைப் பற்றி யாருக்கும் உறுதி கிடையாது, உடனே எடுத்தார். அன்றைக்குத் தேநீர் இடைவேளையில் என்னை ஏன் சித்தப்பா இழுத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் நேராகக் கேட்டது இதுதான் முதல் முறை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“நான் எங்கேடா இழுத்தேன்? மறுநாள் காலாண்டுக் கணக்குப் பரீட்சை, அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார், போகலாம் போகலாம் என்று நீதானே அழுதாய். வாலாஜா சாலையிலேயே ஒரு கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தேனே, அது நினைவிருக்கிறதா?”

ஐஸ் நினைவிருந்தது.

அத்தான் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். காரைக் கிளப்பியவர், பர்மிங்ஹாம் எல்லை வரை ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.